ஊர் விழுந்துபோன முகவரிகள்

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். எனக்கு வசதியில்லை என்பதற்காக எதையும் விட்டுவிடவும் மாட்டேன். ஆரோக்கியமேரி அக்காவின் முப்பதாம் நாளுக்குப் பொம்மிடிக் கோயிலில் கூடப் போகிற உங்களில் பாதிப் பேருக்கு, அக்கா வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் எப்படி இருக்கும் என்று தெரியாது. சென்டரில் படிக்கிற மற்றப் பாதிப் பேருக்கு அக்காவின் வீடு தெரியாது. எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆனாலும் சில விஷயங்கள் எனக்கே இன்னும் குழப்பமாக இருக்கின்றன. அவற்றைக் குழப்பமாகவே எழுதியிருக்கிறேன்.

என் பெயர் தமிழரசி. தருமபுரியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் வீட்டின் முன்பகுதியில்தான் ஜெகதீசன் சார் சென்டர் நடத்துகிறார். சார் வெளியே போயிருக்கும்போது போன் அடித்தால் நான் எடுப்பது வழக்கம். அந்தத் திங்கட்கிழமை காலையும் நான்தான் எடுத்தேன். பெரியவர் ஒருவரின் குரல். "மேரி போயிடுச்சும்மா" என்றார். அக்கா மஞ்சள் காமாலையில் மூன்று வாரமாக லீவில் இருந்தார். திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"சரிங்க. இன்னும் இங்க வந்து சேரலைங்க" என்றேன்.

பிறகு, "பாப்பா, வூட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடும்மா" என்றார். நான் அப்போதும் விடாமல், "எந்த பஸ்ஸுங்க ஏறுனாங்க?" என்று கேட்டேன். அவர் மறுபடியும், "பெரியவங்கள கூப்புடு கண்ணு" என்றார். அம்மா வந்து வாங்கிக் கேட்டார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகும், பஸ்ஸுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பேசியவர் அக்காவின் பெரியப்பா என்று பிறகு தெரிந்தது. அவரிடம் நான் கேட்ட கேள்விக்காக இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த 1989ஆம் வருடத் தொடக்கத்தில் சென்டருக்கு ஒரு பெரிய இயந்திரம் வந்தது. ஒரு பெட்டி, அதிலிருந்து நான்கு மேசைகளுக்கு நான்கு திரைகள். ஏ.சி. அறை. செருப்பை வெளியே விட வேண்டும். அக்கா பொம்மிடியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். ஒரு மரூன் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால், விரல்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டு அவருக்கு ஆகவில்லை. "எழுத்தெல்லாம் தெரியுது பாப்பா. சொல்றது என்னான்னு தெரியல" என்றார். எனக்கு எந்தக் காகிதம் கிடைத்தாலும் படித்துவிடும் வியாதி உண்டு. பள்ளி விட்டு வந்ததும் அக்காவின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் தட்டுவார். அதனால் எனக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர் வைத்தார். "என்னாங்க வாத்தியாரம்மா, இன்னிக்குப் பாடம் உண்டுங்களா?" என்று சார் காதில் விழும்படி கேட்டு என் மானத்தை வாங்குவார். உண்மையில் எங்கள் இருவருக்கும் அந்த இயந்திரம் ஒரே அளவுக்குத்தான் தெரியும்.

நாம் தட்டும் வரியை நேராக இயந்திரம் வாங்கிக்கொள்வதில்லை. நடுவில் ஷெல் என்று ஒன்று இருக்கிறது. வரியை வாங்கி, சொல் சொல்லாகப் பிரித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, அப்புறம்தான் உள்ளே அனுப்பும். அக்கா அதற்கு வாட்ச்மேன் என்று பெயரிட்டார். "பைய தடவிப் பாக்காம எதயும் உள்ள வுட மாட்டான்."

முதல் நாள் அந்த வாட்ச்மேனிடம் அக்காவின் பெயரைக் கொடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு பெயர்ச்சீட்டு, சமக்குறி, அதன் பிறகு வைக்க வேண்டிய பொருள். அவ்வளவுதான் என்று புத்தகம் சொன்னது. PER என்று சீட்டுக்குப் பெயர் வைத்து, அக்கா இனிஷியலோடு தட்டினார்.

PER=M Arokiamary

திரையில், ஆரோக்கியமேரி என்று எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "எதிர்லயே குந்தியிருக்கேன். காணோங்கறான்!"

எனக்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டிய பிறகு பிடிபட்டது. நடுவில் இடம் விட்டால் அங்கே ஒரு சொல் முடிந்துவிட்டதாக ஷெல் நினைத்துக்கொள்கிறது. M என்பதை மட்டும் சீட்டில் போட்டுக்கொண்டு, அடுத்த சொல்லை ஏதோ செய்யச் சொல்லும் கட்டளை என்று தேடிப் போகிறது. முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளும். இதை நான் விளக்கியதும் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துத் திரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பிடீன்னா, எங்கப்பன உள்ள வுட்டுட்டு என்னய கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டான்." இனிஷியல் வைத்த எல்லோருக்கும் இதே கதிதான் என்று பிறகு புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். சென்டரில் படித்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சமக்குறி விஷயத்தில் தவறு என்னுடையது. எங்கள் கணக்கு டீச்சர் சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடாவிட்டால் நோட்டை வீசுவார். அந்தப் பழக்கத்தில், இடம் விட்டுத் தட்டச் சொல்லி அக்காவை வற்புறுத்தினேன். இந்தத் தடவை PER என்பதையே காணவில்லை என்று வந்தது. நான் விடவில்லை. இடம் விட்டால்தானே பார்க்க நன்றாக இருக்கும் என்று வாதாடினேன். "உங்க டீச்சர இங்க கூட்டியா. அவங்களயும் காணோம்னு சொல்லிடுவான்" என்றார் அக்கா.

வைத்த பொருளைத் திரும்ப எடுக்கச் சீட்டின் பெயருக்கு முன்னால் டாலர் குறி போட வேண்டும். அக்கா அதைப் பாம்பு என்றார். கம்பத்தில் சுற்றிய பாம்பு. பாம்பு போட்டால் பெயர் மறைந்து, அந்த இடத்தில் உள்ளே இருக்கும் பொருள் வந்து நிற்கும். ஒருநாள் இயந்திரம் திறந்ததும், பழைய சீட்டெல்லாம் அழிந்து காலியாக இருந்த நேரத்தில், வைப்பதையும் எடுப்பதையும் ஒரே வரியில் செய்து பார்த்தோம்.

PER=Mary echo $PER

echo என்றால் திரையில் காட்டு என்று அர்த்தம். முதல் பாதி மேரியை வைக்கிறது, மறுபாதி எடுத்துக் காட்டுகிறது என்பது என் கணக்கு. திரையில் ஒரு வெற்று வரிதான் வந்தது. காணோம் என்றுகூடச் சொல்லவில்லை. இதற்கு மட்டும் எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் அக்காதான் யோசித்துச் சொன்னார். "அவன் மொதல்ல வரி பூராவும் பாம்பத் தேடறான். அப்பப் பை காலி. காலியா இருக்கறத எடுத்து வெச்சுட்டு, அப்பறமாத்தான் மேரிய வாங்கிக்கறான்." புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தது. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் படிக்கிற ஷெல் எப்படி வலப்பக்கத்தை முதலில் மாற்றிவிட்டு இடப்பக்கத்தைப் பிறகு செய்ய முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. அன்று அக்கா சொன்ன இன்னொன்றையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். "காணோம்னு கத்தறப்ப எனக்குப் பயமில்ல பாப்பா. ஒண்ணும் சொல்லாம சும்மா இருக்கான் பாரு, அதுக்குத்தான் பயம்."

இனிமேல் எழுத வேண்டியதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம்.

ஜூலை மாதம் பொம்மிடியில் இலவசக் கண் முகாம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாருக்கெல்லாம் அறுவை செய்ய வேண்டும் என்று முன்பே பரிசோதித்துப் பட்டியல் எடுத்திருந்தார்கள். எந்த நாளில் வர வேண்டும் என்ற கடிதத்தின் மேல் ஒட்டுவதற்கு, முகவரிச் சீட்டு அடித்துக் கொடுக்கும் வேலை சென்டருக்கு வந்தது. இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும் என்பதால், நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் ஊர், மூன்றாவது வரியில் தருமபுரி மாவட்டம்.

பட்டியலில் பொம்மிடிக்காரர்கள் ஒரு கட்டு. மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பட்டி. பாப்பிரெட்டிப்பட்டி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டிகள். "நம்ம பக்கத்துல ஒண்ணு பட்டி, இல்லாட்டி அள்ளி. வேற பேரே கெடைக்கலயா இவங்களுக்கு?" என்று அக்கா அலுத்துக்கொண்டார். உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாவற்றிலும் பட்டி பொதுவாக இருக்கிறதே, OOR என்ற பெயர்ச்சீட்டில் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அச்சடிக்கும் வரியில் பட்டியை ஒரே தடவை ஒட்டிவிட்டால் என்ன? பாப்பிரெட்டி என்று தட்டினால் போதும். பட்டி தானாக வரும். எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது.

echo $OORpatti

அக்கா அந்த வரியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இப்பிடி ஒட்டி எழுதினா அவனுக்கு எது வரைக்கும் பேருன்னு எப்பிடித் தெரியும்? புக்குல அங்கங்க மீச மாதிரி ஒரு அடைப்புக்குள்ள பேர வெச்சிருக்கானே, அது எதுக்கு?" என்று கேட்டார். சுருள் அடைப்பைத்தான் சொன்னார்.

நான் பக்கத்தைப் பிடித்துவிட்டேன். பக்கத்தின் கடைசி வரி. பெயரைச் சுருள் அடைப்புக்குள் இட வேண்டிய கட்டாயமில்லை என்று இருந்தது. "கட்டாயமில்லையாம்க்கா. போட்டாலும் சரி, போடாட்டியும் சரி" என்றேன்.

"நெசமா?"

"புக்குலயே போட்டிருக்குக்கா!"

அக்காவின் ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்க கிளம்புங்க, அச்சை நான் பார்த்துக்கிறேன் என்றேன். அச்சு இயந்திரம் கரகரவென்று தள்ளிய முதல் தாளை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். அது பட்டி ஒட்டத் தேவையில்லாத பொம்மிடிக் கட்டு. எந்தத் தவறும் இல்லை. மீதித் தாள்களில் பெயர்கள் விடுபட்டிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். பட்டிக் கட்டில் பெயருக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டிருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

காலையில் முகாம்காரர்கள் வந்து எடுத்துப்போய், ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டார்கள்.

முகாம் முடிந்த மூன்றாம் நாள் குப்பம்மாள் என்ற வயதான பெண் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு முகாம் அமைப்பாளரோடு சென்டருக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. "பக்கத்தூட்டுச் சின்னபாப்பாளோட அண்ணனுக்குப் பொம்மிடில காயிதம் வந்துச்சாம். எனக்கு மட்டும் வரலைங்களே சாமி. நானும் தெனமும் தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காத வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அவர் பேசியது ஜெகதீசன் சாரிடம். ஆனால் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அவரைப் போல் பதினொரு பேர். எல்லோரும் பட்டிக்காரர்கள். ஊர் இல்லாத அந்தக் கடிதங்கள் தருமபுரித் தபால் நிலையத்திலேயே கிடந்தன. அடுத்த முகாம் நான்கு மாதம் கழித்துத்தான் என்றார் அமைப்பாளர்.

அவர்கள் போனதும் சார் எங்களைக் கூப்பிட்டார். "யாரும்மா அடிச்சது?"

"நாந்தாங்க சார்" என்றார் அக்கா.

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஊர் ஏன் விழுந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அது உண்மை. ஆனால் அந்த உண்மை எனக்கு உதவாது. பட்டியை ஒட்டச் சொன்னது நான் என்று எனக்குத் தெரியும். அச்சைச் சரிபார்த்தது நான் என்றும் தெரியும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "அக்கா, நான் போய் சார்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். "வுடு பாப்பா. உன்னய அந்த ரூமுக்குள்ள வுட்டதே நாந்தான். இது உங்கப்பா காதுக்குப் போனா, நாளைக்கு எனக்கு யாரு புக்குப் படிச்சுச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு லாக் புக்கில், அதாவது இயந்திரத்தில் தினமும் நடப்பதை எழுதும் நோட்டில், சார் சிவப்பு மையால் இரண்டு சொல் எழுதினார். "ஆபரேட்டர் தவறு." பக்கத்தில் அக்காவின் பெயர். மறுநாளிலிருந்து அக்காவுக்கு முன்னறை மேசை. அட்மிஷன் பாரம் நிரப்பும் வேலை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைக்கு அக்கா மனுப் போட்டிருந்தார். அதற்குச் சாரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. "லாக் புக்கில் இப்படி இருக்கும்போது நான் எப்படிம்மா எழுதிக் கொடுப்பேன்?" என்று சார் சொன்னார். சாரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்டோபரில் அக்காவுக்குக் கண் மஞ்சளானது. முன்னறையிலிருந்தபடியே, "வாத்தியாரம்மா, என்னய காணோம்னு சொல்லிடாதீங்க, வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு லீவில் போனார்.

அடக்கம் முடிந்த வாரம், என்னையும் அறியாமல் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் கட்டை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தேன். கட்டாயமில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இல்லை. காற்புள்ளிதான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பெயரை ஒட்டி இன்னொரு எழுத்தோ எண்ணோ வராத வரைக்கும் கட்டாயமில்லை, வந்தால் கட்டாயம் என்று அந்த வாக்கியம் முடிந்திருந்தது.

ஷெல் பாம்பைப் பார்த்ததும், தொடர்ந்து எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனையையும் சேர்த்து ஒரே பெயராக எடுத்துக்கொள்கிறது. OOR என்ற சீட்டை அது தேடவே இல்லை. OORpatti என்று ஒரு சீட்டைத் தேடியிருக்கிறது. அப்படி ஒன்று இல்லை. இல்லாத சீட்டுக்கு அது காணோம் என்று சொல்லாது. காலியை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். முன்பாதியும் போயிற்று, பட்டியும் போயிற்று. அக்கா கேட்டது இதைத்தான். எது வரைக்கும் பேருன்னு எப்பிடித் தெரியும்? புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவர் சரியாகக் கேட்டார். படிக்கத் தெரிந்த நான் காற்புள்ளியில் நிறுத்திவிட்டேன்.

மறுநாளே சாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "போனவங்க போயிட்டாங்கம்மா. நீ படிக்கிற பொண்ணு. இதெல்லாம் எழுதி வெச்சு உன் பேரக் கெடுத்துக்காதே. முப்பதாம் நாளுக்கு அவங்க நல்ல குணத்தப் பத்தி நாலு வரி எழுது, போதும். லாக் புக்குல எழுதினத அடிக்கவும் கூடாது, அது விதி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, நல்ல குணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதினேன். நான்கும் பொய்யாகப் பட்டன.

சென்ற சனிக்கிழமை மாலை அக்காவின் அம்மா லூர்துமேரி அம்மாள், சால்வையையும் சர்டிபிகேட்டுகளையும் வாங்கிப்போக வந்தார். சார் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"ஓசூர் வேல எம்புள்ளைக்கு ஏங்க கெடைக்கல? கவனமில்லாத புள்ளைன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னு சொல்லுச்சு. வூட்ல அப்பிடி இல்லீங்களே அது."

நான்தான், "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்" என்றேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, குளிருக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். அந்த ஸ்டூலில் உட்கார வைத்தேன். சீட்டில் பாப்பிரெட்டியை வைத்தேன். அன்று அடித்த அதே வரியை அடித்தேன். வெற்று வரி வந்தது.

"இந்த எடத்துல ஊரு வரணுங்கம்மா. வரல, பாருங்க."

"ஆமா. காலியா கெடக்குது."

சுருள் அடைப்புப் போட்டு மறுபடியும் அடித்தேன். Pappireddipatti என்று வந்தது.

"இப்ப வந்துடுச்சுங்க. பாப்பிரெட்டிப்பட்டி."

அம்மாள் விரலால் திரையின் கண்ணாடியைத் தொட்டார். "இதா பாப்பிரெட்டிப்பட்டி? எங்கக்காவக் கட்டிக் குடுத்த ஊரு." பிறகு விரலை எடுத்துக்கொண்டு, "அப்ப அது இந்த மீசயப் போடாம வுட்டுடுச்சா?" என்றார். மீசை என்று எப்படி அவருக்குத் தோன்றியது என்று நான் திடுக்கிட்டேன்.

"அக்கா போடணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு சொன்னது நாந்தாங்க. பக்கத்தத் திருப்பாம சொல்லிட்டேன். அச்சு சரியா இருக்குன்னு பாத்ததும் நாந்தான். சார் கேட்டப்ப அக்கா தன் பேரச் சொன்னாங்க. நான் சொல்லல."

அம்மாள் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அதுக்குத் தெரியுமா கண்ணு, நீ சொன்னதாலதான் ஆச்சுன்னு?"

"தெரியலைங்கம்மா. தெரிஞ்சு சொல்லாம இருந்தாங்களா, அவங்களுக்கும் தெரியாதான்னு எனக்கு விளங்கலைங்க."

"எனக்கும் விளங்கல" என்றார். பிறகு, "நீதான் வாத்தியாரம்மாவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "வூட்டுக்கு வந்தா வாத்தியாரம்மா இதச் சொன்னாங்க, அதச் சொன்னாங்கன்னு ஒரே பேச்சு. நான் என் வயசுல யாரோ டீச்சராக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒருக்கா முருங்கக்கா குடுத்தனுப்புனேனே, டீச்சருக்குப் பல்லு இருக்குமோ இருக்காதோன்னு பிஞ்சாப் பாத்துப் பறிச்சேன்." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையிலிருந்த சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சார் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் முகத்தைத் துடைத்துவிட்டு அவரிடம் திரும்பினார். "ஏங்க, அந்த நோட்டுல எம்புள்ள பேருக்குப் பக்கத்துல எழுதியிருக்கீங்கல்ல, அத மாத்துங்க."

"எழுதினத அடிக்கக் கூடாதுங்கம்மா."

"அடிக்க வேணாங்க. கீழ எடம் இருக்குமில்ல? கீழ எழுதுங்க."

சார் லாக் புக்கை எடுத்து வந்து அந்த ஜூலைப் பக்கத்தைத் திறந்தார். பேனாவைத் திறந்தவர், எழுதாமல் என்னிடம் நீட்டினார். சிவப்பு எழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. நான் எழுதியது இதுதான்: "பெயரைச் சுருள் அடைப்புக்குள் இடாததால் ஊர் விழுந்தது. அடைப்பு வேண்டுமா என்று ஆபரேட்டர் ம. ஆரோக்கியமேரி கேட்டார். வேண்டாம் என்று தவறாகப் படித்துச் சொன்னவரும் அச்சைச் சரிபார்த்தவரும் கோ. தமிழரசி." சார் அதன் கீழ் கையெழுத்துப் போட்டார்.

"படி கண்ணு" என்றார் அம்மாள். படித்தேன். "இன்னொருக்கா." மறுபடியும் படித்தேன். "கேட்டார்னு இருக்குதில்ல?" என்றார். இருக்குதுங்கம்மா என்றேன். அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்து, எந்தச் சொல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

குப்பம்மாளுக்கும் மற்றப் பட்டிக்காரர்களுக்கும் போன வாரம் அறுவை நடந்துவிட்டது. இந்தத் தடவை முகவரிகளைக் கையால் எழுதினேன். அது அக்காவுக்குத் தெரியாது. ஓசூர் வேலை அக்காவுக்குக் கிடைத்திருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது. அவர் என்னைக் காப்பாற்றினாரா, அல்லது தன் தவறு என்றே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாரா? இதில் எது உண்மையாக இருந்தால் எனக்கு வலி குறையும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு. ஒன்று, "நெசமா?" என்ற கேள்வி. இப்போது எதைப் படித்தாலும் அவர் குரலில் அது கேட்கிறது. உடனே பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். இன்னொன்று, அந்த 'நாந்தாங்க சார்'. அதைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது.

அந்தச் சனிக்கிழமை மாலை அம்மாளின் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சார் இயந்திரத்தை முறைப்படி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரை கறுக்கும்வரை மூன்று பேரும் நின்றோம். அம்மாள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதலில் வெளியே போனார். நான் அடுத்துப் போனேன். சார் கடைசியாக வந்து, விளக்குகளை அணைத்தார்.